வெய்யில் தாழ வாங்க, பாய்

இன்வெர்ட்டர் ஓடலைன்னா எல்லாரும் மொதல்ல பேட்டரியில டிஸ்டில்ட் வாட்டர் இருக்குதான்னு போய்ப் பாக்கறாங்க. அது தப்புங்க. தண்ணி கொறைஞ்சா கொஞ்ச நேரம் ஓடிப்போட்டு நின்னுரும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டே ஆகலைன்னா காரணம் வேற. முன்னாடி இருக்கற சுவிட்ச், அப்புறம் லோடு, அப்புறம் பேட்டரி டெர்மினல்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வரோணும். கூட வர்ற புத்தகத்துலயே போட்டிருக்குதுங்க. யாரு படிக்கறாங்க, அதை அட்டைப்பொட்டியோட சேத்து அட்டாலியில தூக்கிப் போட்டுர்றாங்க.

நான் படிப்பேனுங்க. எங்கூட்டுல மிக்ஸியில இருந்து மோட்டார் வரைக்கும் எது மக்கர் பண்ணினாலும் நாந்தான். கல்யாணமாகாத பொம்பளை ஒருத்தி ஊட்டோட இருந்தான்னா அவதான் அந்த ஊட்டுக்கு எலக்ட்ரீசியன், பிளம்பர், நர்சு எல்லாம். சிரிக்கறீங்க. நெசந்தானுங்க இன்ஸ்பெக்டரம்மா. டீ நல்லா இருக்குது, சக்கரைதான் கொஞ்சம் எச்சு, பரவால்லீங்க.

நான் வந்தது கரீம் பாய்க்காக. காலைல இருந்து அவரை அந்த பெஞ்சுல உக்கார வெச்சிருக்கீங்க. உக்கடத்துல பேட்டரிக் கடை வெச்சிருக்கற மனுசன். எங்கூட்டு இன்வெர்ட்டரை மாட்டினதும் அவருதான், வருசா வருசம் வந்து சர்வீஸ் பண்றதும் அவருதான். எங்க சித்தப்பா லட்சுமணசாமி உங்ககிட்ட வந்து, பாய் ஒழுங்கா சர்வீஸ் பண்ணலை, அதனால கரன்ட் போனப்ப இன்வெர்ட்டர் ஓடலை, அதனாலதான் அண்ணன் லிஃப்டுக்குள்ள மாட்டிச் செத்துப்போனாருன்னு சொல்லியிருக்காரு. சித்தப்பா நல்லவருங்க, துக்கத்துல பேசறாரு. ஆனா பாய் மேல ஒரு தப்பும் இல்லை. அவரை ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க. அவரு சம்சாரம் ரம்லா அக்கா பச்சைத் தண்ணி குடிக்காம ஸ்டேஷன் வாசல்ல நிக்குது, பாக்கவே சங்கட்டமா இருக்குது.

அன்னைக்கு நான் உங்ககிட்ட, அப்பா மேல படுத்துத் தூங்கறாருன்னு நெனச்சுட்டிருந்தேன், லிஃப்டுல இருந்தது எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அது பொய்யிங்க. நடந்ததை நடந்தபடியே சொல்லிர்றேன். ஊட்டுல நாங்க தெலுங்குலதான் பேசிக்குவோம், உங்களுக்காகத் தமிழ்லயே சொல்றேன்.

எங்கப்பாவைப் பத்திப் பீளமேட்டுல யாரை வேணா கேளுங்க. அரங்கசாமி அய்யாவா, தங்கமான மனுசன், குரலை ஒசத்திப் பேசினதே இல்லைம்பாங்க. அதுல ஒரு சொல் பொய்யில்லை. பம்பு கம்பெனி நடத்தின காலத்துல வேலைக்கு வந்தவங்களையே 'ஏனுங்க'ன்னுதான் கூப்பிடுவாரு. என்னை ஒரு அடி அடிச்சதில்லை, ஒரு வார்த்தை வஞ்சதில்லை. எதுக்கும் கூடாதுன்னு சொன்னதில்லை. 'பாக்கலாம் கண்ணு'ம்பாரு. சொல்லிப்போட்டு, எனக்குத் தெரியாம ஒரு போன் பண்ணுவாரு.

எனக்கு வயசு இருந்தப்ப மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போவாங்க. மறுநாளே அவங்களுக்கு போன் போகும். 'பாப்பாவுக்கு இப்பத்திக்கு அந்த ரோசனை இல்லீங்க, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு நாளைக்கு எல்லாருமாச் சாப்புட வாங்க.' அவங்களும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சாப்புடவும் வருவாங்க. நாந்தான் பரிமாறியிருக்கேன்.

அம்மா போனதுக்கு அப்புறம் பல்லடத்துக்கிட்ட ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சராச் சேந்தேன். தெனமும் மத்தியானம் எனக்குச் சோறு எடுத்துட்டு அவரே கார்ல வருவாரு. நான் சாப்புட்டு முடிக்கற வரைக்கும் ஆபீஸ் ரூம்ல உக்காந்து, வர்ற போற டீச்சருக்கெல்லாம் ஆப்பிள் குடுத்துட்டு இருப்பாரு. 'இவ இல்லாம ஊட்டுல எனக்கு இருப்பே கொள்ள மாட்டீங்குதுங்க'ம்பாரு. கடைசியில ஹெட்மிஸ்ட்ரஸே என்னைக் கூப்பிட்டு, இப்படியொரு அப்பாவைத் தனியா விட்டுப்போட்டு எப்படி பிந்து வர்றேன்னு கேட்டாங்க. கேக்கறப்பவே அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த மாசத்தோட நின்னுக்கிட்டேன்.

கோவிச்சுக்கிட்டு வெளிய போகோணும்னாக்கூட எதுத்தாப்புல இருக்கறவரு கொஞ்சம் கோவப்படோணுமில்லீங்களா. பூட்டி வெச்சிருந்தா ஒடைச்சுட்டுப் போலாம். எங்கூட்டுக் கதவு எப்பவும் தொறந்துதான் கெடக்கும். பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம், உனக்கென்ன பிந்து, மகாராணின்னு சொல்லுவாங்க. எனக்கு மூச்சு முட்டும். அதை யாருகிட்டயும் சொல்ல முடியாது, சொன்னா எனக்குத்தான் கிறுக்குன்னு நெனப்பாங்க.

இந்த வருசம் வால்பாறைல ஒரு எஸ்டேட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேணும்னு கேள்விப்பட்டேன். கண் டாக்டரைப் பாக்கப் போறேன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போட்டு உக்கடத்துல பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில எறங்கி மாறி, மலை ஏறறப்ப கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்தேனுங்க. பக்கத்து சீட்டுல இருந்த எஸ்டேட்டு அம்மா ஒருத்தங்க எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு இருந்த சந்தோசம் எனக்கு அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னேன், வேலை குடுத்துட்டாங்க. தங்கறதுக்குக் குவார்ட்டர்ஸும் காட்டினாங்க. ஒரே ரூம். ஒரு கட்டில் போடத்தான் எடம். சன்னலைத் தொறந்தா தேயிலை. அந்த ஒத்தைக் கட்டிலைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. கூட வந்த ஆயா, எடம் சின்னதுதான் டீச்சர், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு என்னைத் தேத்தினாங்க.

திங்கக்கிழமை போய்ச் சேரோணும். அப்பாகிட்ட முன்னாடியே சொன்னேன். 'அதுக்கென்ன கண்ணு, பாக்கலாம்'னாரு. இத்தனை வருசம் அவருகூட இருந்தவ நான், எனக்குப் புத்தி எங்க போச்சோ தெரியலை, இந்தத் தடவை அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். பொட்டியைக்கூட அடுக்கி வெச்சுட்டேன்.

வியாழக்கிழமை எங்க பக்கம் மாசாந்திரக் கரன்ட் கட்டு. பேப்பர்ல முந்தின நாளே ஏரியா பேரோட போட்டுருவாங்களே, காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்னு. உங்களுக்குத் தெரியாததுங்களா. ஒம்பது மணிக்குள்ள தண்ணி ஏத்தி, மாவாட்டி, துணி தேச்சு எல்லாச் சோலியும் முடிச்சுப்போட்டேன். வேலைக்கு வர்ற கனகம் ஒறம்பரை ஊட்டு விசேசத்துக்குப் போயிருந்துது. ஊட்டுல நானும் அப்பாவுந்தான். கத்திரி வெய்யில் காலைலயே சுள்ளுன்னு அடிச்சுட்டு இருந்துது.

இட்லி சாப்புட்டுட்டே சொன்னாரு. 'நேத்து அந்த வால்பாறை ஸ்கூலுக்குப் பேசினேன் கண்ணு. நல்ல மனுசங்க. பாப்பாவுக்குக் குளிரு சேராதுங்க, இழுப்பு வந்துரும்னு சொன்னேன், புரிஞ்சுக்கிட்டாங்க. நீ வெசனப்படாத.' சொல்லிப்போட்டு, இன்னொரு இட்லி வெக்கட்டுமான்னு கேட்டாரு. எனக்கு இழுப்பெல்லாம் இல்லீங்க, இன்னைக்கு வரைக்கும் சளிகூடப் புடிச்சதில்லை. வெய்யுங்கப்பான்னேன். வெச்சாரு. சாப்புட்டேன்.

கோவம் வந்துதான்னு கேக்கறீங்க. வரலீங்க. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது.

கை கழுவிப்போட்டு லிஃப்டுல ஏறினாரு. முட்டி வலி வந்தப்பறம் அவருக்காகவே ஊட்டுல வெச்ச லிஃப்ட். மொத மாடியில அவரு ரூம். அவருக்கு இருதயத்துல ஸ்டென்ட் வெச்சிருந்துது. டிபன் ஆனதும் மேல போய் மாத்திரை போட்டுட்டுச் சித்த நேரம் படுப்பாரு. மாத்திரையும் மேல, போனும் மேல சார்ஜுல. லிஃப்ட் கெளம்பிப் பாதி ஏறறப்ப கரன்ட் போச்சு.

லிஃப்டுக்குன்னு தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்குமுங்க. கரன்ட் போனா அதுவே பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் தொறந்து விட்டுரும். அது பொங்கலப்பவே செத்துப்போச்சு. மாத்தலாம்னு சொன்னேன். 'இன்வெர்ட்டர்தான் இருக்குதே கண்ணு'ன்னாரு. நெசந்தான், பெரிய இன்வெர்ட்டரு, லிஃப்டையும் சேத்து இழுக்கறாப்புலதான் பாய் மாட்டிக் குடுத்திருந்தாரு. ஆனா அன்னைக்கு அப்பா அவரு ரூம்ல ஏ.சி.யை நிறுத்தாம எறங்கி வந்திருந்தாரு. அதையும் லிஃப்டையும் ஒண்ணாத் தூக்கறப்ப இன்வெர்ட்டர் பீப்புன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, நின்னுபோச்சு. அதை நான் செய்யலீங்க. அது தானா நடந்துது.

'கண்ணு'ன்னு கூப்பிட்டாரு. கரன்ட் போயிருச்சுங்கப்பா, இன்வெர்ட்டரைப் பாக்கறேன், பயப்படாம உக்காந்துக்கோங்கன்னேன். 'நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்'னாரு.

இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன அறையில இருக்குது. லிஃப்டுக்கு அடுத்த சொவரு, பேசினா நல்லாக் கேக்கும். மொதல்ல முன்னாடி சுவிட்சை அணைச்சுப்போட்டுப் போட்டேன். ஆகலை. அப்புறம் லோடைக் கொறைக்கோணுமே, மேல போய் ஏ.சி.யை நிறுத்தினேன், ஃபிரிட்ஜைப் புடுங்கினேன், ஒவ்வொரு ரூமாப் போய் லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் அணைச்சேன். விருந்தாளி ரூம்லகூட அணைச்சேன். அந்த ரூம்ல யாரும் படுத்து வருசமாச்சு, இருந்தாலும் விட்டுப்போகக் கூடாதில்லீங்களா. வந்து மறுபடியும் சுவிட்சைப் போட்டேன். ஆகலை.

அடுத்தது டெர்மினல். பேட்டரிக் கம்பியில பச்சையா மாவு மாதிரிப் பூத்திருந்துது. சுடுதண்ணி வெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, துணியால தொடைச்சு, வாசலின் தடவினேன். அவசரப்பட்டுத் தேச்சா அரைகொறையாத்தான் போகும். அப்பா உள்ள இருந்து என்ன கண்ணு பண்றேன்னு கேட்டாரு. டெர்மினல் கிளீன் பண்றேனுங்கப்பான்னேன். 'அது பண்ண வேண்டியதுதான், நானே சொல்லோணும்னு இருந்தேன்'னாரு. கம்பெனி வெச்சு நடத்தினவரு, அவருக்கும் மெசினு தெரியுமே. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேட்டரியைப் பத்திப் பேசிக்கிட்டோம். பழைய பேட்டரிதான் ஒழைக்கும், இப்ப வர்றதெல்லாம் சொத்தைன்னாரு.

நடுவுல கரீம் பாய்க்கு போன் பண்ணினேன். அவரு சொன்னதை நீங்க எழுதியிருப்பீங்க. நானும் சொல்லிர்றேன், ஒத்துப்போகும்.

சௌக்கியங்களா பாய்னு கேட்டேன். ரம்லா அக்காவுக்குக் கால் வலி பரவால்லைங்களான்னு கேட்டேன். மக சஃபியாவுக்கு வரன் பாத்துட்டு இருந்தாங்க, அது என்னாச்சுன்னு கேட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒண்ணு கூடி வருதுங்கம்மான்னாரு. ரொம்ப சந்தோசம்னேன். அப்புறம் இன்வெர்ட்டர் ஸ்டார்ட் ஆகலைன்னு சொன்னேன்.

'அய்யா எங்கீங்கம்மா?'

மேலதான் இருக்காருங்கன்னேன்.

'கரன்ட் வர சாயங்காலம் ஆகுமே. வெய்யில்ல அய்யாவுக்குச் சிரமம். நான் இப்பவே வண்டி எடுத்துட்டு வாரேனுங்கம்மா.'

வேண்டாங்க பாய், அவசரம் ஒண்ணும் இல்லீங்க, வெய்யில் மண்டையைப் பொளக்குது, எங்களுக்காக நீங்க அலையாதீங்க, வெய்யில் தாழ வாங்கன்னேன். எங்க பக்கத்துல யாரும் அப்படித்தான சொல்லுவாங்க. அதுக்கு மேல அவரு கட்டாயப்படுத்திக்கிட்டு வர முடியுமா. வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாரு. 'பின்னாடி ஒரு சின்னக் கறுப்புப் பட்டன் இருக்கும்மா. லோடு எச்சானா அது துள்ளி வெளிய வந்துரும். அதை அமுத்தி விட்டீங்கன்னா ஓடினாலும் ஓடிரும்.' செரிங்க பாய், பாக்கறேனுங்கன்னேன்.

பாய் அவரு செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டாரு. அதுக்குத்தான் இதைச் சொல்றேன். ஆனா அந்தப் பட்டனைப் பத்தி அவரு எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. மொத வேலையா, சுவிட்சைத் தொடறதுக்கும் முன்னாடி, நான் குனிஞ்சு பாத்தது அதைத்தான். வெளிய துள்ளி நின்னுட்டிருந்துது.

ஏன் அமுத்தலைன்னு கேப்பீங்க. புத்தகத்துல அது கடைசியில வருது, வரிசையா வரலாமேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு வெவரம் தெரிஞ்சு எங்கப்பா கையில போன் இல்லாத நேரம் அதுதானுங்க. கொஞ்ச நேரம் அவரு ஒரு எடத்துல உக்காந்திருக்கட்டும், அதுக்குள்ள நானும் எனக்குன்னு ஒரு போன் பண்ணிக்கலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான் நெனச்சேன். சத்தியமா அவ்வளவுதான்.

வால்பாறை ஸ்கூல்ல கரஸ்பாண்டன்ட் அம்புஜம் மேடத்துக்குப் பண்ணினேன். உங்கப்பா அப்படிச் சொன்னாரேம்மான்னாங்க. அவருக்கு வயசாயிருச்சுங்க மேடம், சமயத்துல என்ன பேசறோம்னு தெரியாமப் பேசிர்றாருங்க, நீங்க தப்பா எடுத்துக்காதீங்கன்னேன். அவரு குரல்ல பேசினாப்புலயே இருந்துது எனக்கு. எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது, கண்டிப்பா வந்துருவீங்களான்னாங்க. திங்கக்கிழமை வந்துருவேனுங்கன்னேன். போனை வெச்சுட்டு அந்தச் சின்ன அறையிலயே நின்னு சிரிச்சேனுங்க, வாயைப் பொத்திக்கிட்டு.

இனி என்ன, அவரை எறக்கி விட்டுப்போட்டு, அவரு முன்னாடியே பொட்டியைத் தூக்கிட்டு நடந்துரலாம். அப்படித்தான் நெனச்சேன். பின்னாடி கையை விட்டு அந்தப் பட்டன் மேல வெரலையும் வெச்சேன். அந்த நேரத்துக்குத்தான் சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டாரு.

'கண்ணு, சும்மா உக்காந்து ரோசனை பண்ணினேன். உனக்கு அந்த வேலை மேல அவ்வளவு ஆசைன்னா நான் எதுக்குத் தடுக்கறேன். இந்த ஊட்டை வாடகைக்கு விட்டுப்போடலாம். நானும் உங்கூடவே வந்தர்றேன். குளுந்த எடம் எனக்கும் நெஞ்சுக்கு நல்லது. அந்த ரூம்ல இன்னொரு கட்டில் போட முடியாதா என்ன.'

நான் ரூமைப் பத்தி அவருகிட்டச் சொன்னதே இல்லீங்க. அந்த ஸ்கூல்ல பேசினப்பவே அதையும் கேட்டு வெச்சிருக்காரு.

வெரலை எடுத்துட்டேன். செரிங்கப்பான்னேன்.

அதுக்கப்புறந்தான் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்த ஆரம்பிச்சேன். தண்ணி பாக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு மொதல்லயே சொன்னேன், தெரிஞ்சுதான் பண்ணினேன். ஒவ்வொரு மூடியாக் கழட்டி, புனல் வெச்சு, சொட்டுச் சொட்டா விட்டேன். அதுல ஒரு நிம்மதி இருந்துதுங்க. ஊட்டுல ஒரு சத்தம் இல்லை. எதுத்த ஊட்டுலயும் பக்கத்து ஊட்டுலயும் ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துது, கட்டு நாள்ல எங்க தெருவே மில்லு மாதிரி எரையும். அப்பா கூப்பிடறது எனக்கு மட்டுந்தான் கேட்டுது.

மத்தியானம் ஆக ஆக அவரு குரல் மாறிருச்சு. வேர்க்குது கண்ணு, காத்தே இல்லைன்னாரு. பாத்துட்டே இருக்கேனுங்கப்பான்னேன். தண்ணி கேட்டாரு. கதவு தொறந்தாத்தானுங்கப்பா குடுக்க முடியும்னேன். கொஞ்ச நேரங் கழிச்சு, நெஞ்சை அடைக்கறாப்புல இருக்குது, நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரை மேசை மேல இருக்குது, எப்படியாச்சும் குடுன்னாரு. தேடறேனுங்கப்பான்னு மேல போனேன். அது மேசை மேலதான் இருந்துது, அவரு சொன்ன எடத்துலயே. மொத மாடிக் கதவு இடுக்குல அது நொழையுமான்னு வெச்சுப் பாத்தேன். நொழையும். ஒரு பேப்பர்ல மடிச்சுப் போட்டிருந்தா அவரு கைக்கே போயிருக்கும். வெக்கைல மாத்திரை கெட்டுப்போகும்னு கீழ எடுத்துட்டு வந்து ஃபிரிட்ஜுல வெச்சேன். இப்பவும் அங்கதான் இருக்குது, நீங்க ஆளனுப்பிப் பாத்துக்கலாம்.

தீயணைப்புக்குப் பண்ணியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. பண்ணியிருக்கலாம். லிஃப்ட் கம்பெனி நம்பரும் இருந்துது. ஆனா வண்டி வந்து நின்னா தெரு முச்சூடும் கூடிரும். எங்கப்பாவுக்கு அதெல்லாம் புடிக்காதுங்க, நாலு பேரு வந்து வேடிக்கை பாக்கறது. அவரு மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன்.

பசிச்சுது. அடுப்புல ஒரு ரசம் வெச்சு, காலைல ஆக்கின சோத்துல ஊத்திச் சாப்புட்டேன். அவருக்கும் ஒரு தட்டுல போட்டு மூடி வெச்சேன். ஊட்டுல அவரு இல்லாம நான் சாப்புட்டது அன்னைக்குத்தான். ரசத்துல புளி கொஞ்சம் கொறைச்சல்னு தோணுச்சு, அவரு இருந்திருந்தா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். பாருங்க, அவரு அப்ப உசுரோடதான் இருக்காரு, நான் இப்படி நெனைக்கறேன்.

அப்புறம் கூப்பிடறது நின்னுபோச்சு. சொவத்துல காதை வெச்சுக் கேட்டேன். ஒண்ணும் கேக்கலை. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். சங்கட்டமா இருந்துதான்னா, இருந்துதுங்க. அழுதேன். அழுதுபோட்டு மொகம் கழுவி, பாய் வந்தா டீ போடோணுமேன்னு பாலை எடுத்து வெளிய வெச்சேன்.

அஞ்சு மணிக்குத்தான் கரன்ட் வரும்னு போட்டிருந்தாங்க. வேலை சீக்கிரம் முடிஞ்சுதோ என்னமோ, வெய்யில் தாழறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. லிஃப்ட் சத்தமில்லாமக் கீழ எறங்கி வந்து, கதவு தொறந்துச்சு. நான் நேர் எதுக்க நின்னுட்டிருந்தேன்.

இதைத்தானுங்க நான் சொல்ல வந்தது. அதுவரைக்கும் நடந்ததை நீங்க இன்வெர்ட்டர் கோளாறுன்னே எழுதிக்கலாம். நான் கொஞ்சம் மெதுவா வேலை செஞ்சேன், வேற என்ன.

அவரு உசுரோட இருந்தாரு. மூலையில சாஞ்சு உக்காந்திருந்தாரு, சட்டை முச்சூடும் நனைஞ்சு ஒடம்போட ஒட்டிப்போயிருந்துது, ஒதடெல்லாம் வெளுத்திருந்துது. என்னைப் பாத்ததும் சிரிக்கப் பாத்தாரு.

'ரொம்ப அலைஞ்சுபோட்டியா கண்ணு'ன்னு கேட்டாரு.

நாள் முச்சூடும் நான் அவருக்காகவே பாடுபட்டுட்டு இருந்தேன்னு நெனச்சுட்டாரு. தூக்கி விடச் சொல்லிக் கையை நீட்டினாரு. நான் புடிச்சேன். அந்த வெக்கையிலயும் கை ஜில்லுன்னு இருந்துது. கதவு மூடறப்ப இடிச்சுரும்னு, அந்தக் கையை மெல்ல எடுத்து அவரு மடியில வெச்சேன். உள்ள எட்டி மேல் மாடிப் பட்டனை அமுத்தினேன். அவரு என்னையே பாத்துட்டு இருந்தாரு, கதவு மூடற வரைக்கும். லிஃப்ட் ஏறி நடுவுல வந்திருக்கும்னு தோணினப்ப மெயினை எறக்கினேன்.

பாய் வந்தப்ப தெரு முச்சூடும் கரன்ட் இருக்குது, எங்கூட்டுல மட்டும் இல்லை. மெயின் எறங்கியிருக்குதேம்மான்னு கேட்டாரு. அதை அவரு உங்ககிட்டயும் சொன்னாராம், பழியைத் தட்டிக் கழிக்கப் பேசறாருன்னு நீங்க நம்பலையாம். நம்புங்க, எறக்கினது நாந்தான். டீ குடிச்சுப்போட்டு அவரு மெயினை ஏத்தினாரு, பின்னாடி அந்தப் பட்டனை அமுத்தினாரு, லிஃப்ட் கீழ வந்துது. உள்ள பாத்துட்டு அந்த மனுசன் அய்யான்னு தரையில உக்காந்துட்டாரு. அவரை இனியும் வெச்சிருக்கறது நியாயமில்லீங்க.

வேற சொல்ல ஒண்ணும் இல்லை. மெயினை எறக்கினதுக்கு அப்புறம், பாய் வர்ற வரைக்கும், நான் லிஃப்டுக்குப் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேனுங்க. வேற எங்கயும் போகலை. அவரு கூப்பிடுவாருன்னு பாத்தேன். கூப்பிடலை. கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பேன். எங்கப்பா கூப்பிட்டு நான் போகாம இருந்ததே இல்லீங்க.